பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி, மாப்ள

அன்புள்ள மாப்ள,

நலம். உன் வீட்டுலயும் எல்லாரும் சுகம்னு நினைக்கிறேன். வாட்ஸ்அப்புல நீளமா தட்டினா நீ முதல் ரெண்டு வரியோட நிறுத்திருவே, ரெக்கார்டு நோட்டு காலத்துலேருந்து உனக்கு அதே பழக்கம். அதான் கடிதம். இதை முழுசா படிக்கணும்.

கட்டையன் மறுபடியும் வேலை மாறிட்டான், இந்தத் தடவை ஓசூர். வாத்தியார் ரிட்டயர்மெண்ட் விழாவுல மேடையேறி அந்தக் குடை கதையைச் சொல்லிட்டார்டா! நீ இல்லையேன்னு எல்லாரும் கத்துனாங்க. சின்னவளுக்கு முன்பல் விழுந்திருக்கு. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

அப்பாவுக்கு, வீட்டு லைட்டையும் சென்சாரையும் தானா பார்த்துக்கிற அந்த ஆட்டோமேஷன் பெட்டி வாங்கலாமான்னு கேட்டிருந்தே. வாங்கு. ஆனா பாளையங்கோட்டையில நடந்ததைக் கேட்டுட்டு வாங்கு.

அங்கே அம்மா வீட்டுல இருக்கிறது ராஸ்ப்பெர்ரி பை 4, ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதுல ஹோம் அசிஸ்டன்ட்ங்கிற ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர் ஓடுது. பாத்ரூம்லயும் கிச்சன்லயும் நடமாட்டத்தைப் பார்க்கிற சென்சார், வாசக்கதவுல ஒண்ணு. எல்லாம் ஜிக்பீ, அதாவது சென்சார் மாதிரி சின்னக் கருவிகள் பெட்டியோட பேசுற ரேடியோ முறை. ராத்திரி அம்மா எழுந்து போனா பாத்ரூம் லைட் தானா எரியும். காலையில ஏழரை வரைக்கும் கிச்சன்ல ஆள் அசைவு இல்லைன்னா எனக்கு மெசேஜ் வரும். மாட்டிக் கொடுத்த தம்பி அப்படித்தான் அமைச்சுக் கொடுத்தான்.

ஆரம்பத்துல அருமையா ஓடிச்சு. பிறகு நெட் கம்பெனிக்காரங்க வந்து பழைய ரவுட்டரை எடுத்துட்டுப் புதுசு வச்சுட்டுப் போனாங்க. அதுலேருந்து பெட்டி அப்பப்போ காணாம போக ஆரம்பிச்சது. மெட்ராஸ்ல உட்கார்ந்து ஆப்பைத் திறந்தா தொடர்பு இல்லைன்னு வரும். அம்மாவுக்குப் போன் போட்டா, "ஏய்யா, நெட்டு நல்லாத்தான இருக்கு, டிவியில பாட்டு ஓடுதே"ம்பா. பெட்டியை அணைச்சுப் போடச் சொல்லுவேன், வந்துரும். மறுநாள் பார்த்தா திரும்பப் போயிருக்கும். கம்பெனிக்குப் போன் பண்ணினா லைன் சரியா இருக்குங்கிறாங்க. அதுவும் உண்மைதான்.

இப்படியே இழுத்துக்கிட்டு இருந்தப்போதான் அந்த வெள்ளிக்கிழமை வந்துச்சு. அம்மாவுக்குச் சுகர் இறங்கி, கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாம கிடந்திருக்கா. ஏழரை ஆச்சு, எட்டு ஆச்சு, எனக்கு மெசேஜே வரலை. வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னுதானே கணக்கு? நான் பஸ்ல உட்கார்ந்து ஆபீஸ் போயிட்டிருந்தேன். வாசல்ல பால் பாக்கெட் அப்படியே கிடக்கிறதைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினதாலதான் தப்பிச்சா. இப்போ நல்லா இருக்கா, மாத்திரையைக் குறைச்சிருக்காங்க. பயப்படாதே. ஆனா அன்னைக்கு ராத்திரி ரயில் ஏறினேன் பாரு, விடிய விடிய எனக்குத் தூக்கம் இல்லை.

போனதும் ஒரு விஷயத்தை மட்டும் கண்டுபிடிக்கணும்னு முடிவு பண்ணினேன். சங்கிலியில எந்தக் கண்ணி அறுந்திருக்கு? என் போன், வெளி நெட், ரவுட்டர், பெட்டி, சென்சார். இதுல முதல் நாலுல எது போனாலும் ஆப்புல ஒரே மாதிரிதான் காட்டும். ஆப்புல பெட்டி இல்லாத நேரமாப் பார்த்துப் பாத்ரூமுக்குள்ள நடந்தேன். லைட் எரிஞ்சுச்சு. அப்போ பெட்டி உயிரோடதான் இருக்கு, சென்சாரும் அதோட பேசுது. வீட்டு வைஃபையில இருந்துக்கிட்டே வீட்டு நெட்வொர்க்குல பெட்டிக்கு இருக்கிற நம்பரை, 192.168.1.20, லேப்டாப்புல திறந்தேன். வரலை. பிங் அடிச்சேன், அதாவது இருக்கியான்னு திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். நாலு பதில் வரும், பத்து வராது, திரும்ப ரெண்டு வரும். வெளி நெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அங்கேயே தெரிஞ்சு போச்சு.

எந்த நம்பர் எந்தக் கருவிகிட்ட இருக்குன்னு காட்டுற ஏஆர்பி பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கருவிக்குக் கம்பெனியிலேயே போட்டு வர்ற அடையாள எண்தான் மேக் முகவரி. ராஸ்ப்பெர்ரி பை 4 பலதுக்கு அது டிசி-ஏ6-32-ன்னு ஆரம்பிக்கும், பெட்டியோட பக்கத்துல அந்தத் தம்பி எழுதி ஒட்டியிருந்ததும் அதுதான். ஆனா பட்டியல்ல 20-க்கு நேரா இருந்தது வேற ஏதோ ஒரு மேக். வீட்டுல உள்ள ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டு வந்து, டிவியில செட்டிங்ஸ் போய் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தேன் மாப்ள. அதே 192.168.1.20. அம்மா சீரியல் பார்த்துக்கிட்டிருந்தா, கெஞ்சிக் கேட்டு அணைச்சேன். கொஞ்ச நேரத்துல பெட்டி வந்து உட்கார்ந்துச்சு.

அந்தத் தம்பி பெட்டிக்குள்ளேயே 20-ன்னு நிலையா எழுதி வச்சிருக்கான். புது ரவுட்டருக்கு அது தெரியாது. அது எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுக்கிற நம்பர் வரிசைக்குள்ள 20-ம் இருக்கு, டிவி கேட்டப்போ தூக்கிக் கொடுத்திருச்சு. ஒரே கதவு எண்ணுல ரெண்டு வீடு இருந்தா போஸ்ட்மேன் என்ன செய்வார்? அதுதான் நடந்திருக்கு. கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த நம்பர்ல யாராவது இருக்காங்களான்னு ரவுட்டர் ஒரு குரல் கொடுத்துப் பார்க்கணும். எல்லா ரவுட்டரும் அதைச் செய்றதில்லை. அந்த வியாழக்கிழமை ராத்திரி டிவி ஓட ஓடவே அம்மா தூங்கியிருக்கா. விடியக்காலையிலயும் அது அணையலை. பெட்டி ஏழரைக்கு மெசேஜை அனுப்பத்தான் பார்த்திருக்கு, வெளியே போக வழியில்லை.

சரி பண்றது சுலபம். பெட்டியில எழுதியிருந்த நிலையான நம்பரை எடுத்துட்டு, ரவுட்டருக்குள்ள போய் பெட்டியோட லேன் மேக்குக்கு இந்த நம்பர்தான்னு ரிசர்வ் பண்ணி வச்சேன். வைஃபையை விட்டுட்டு லேன் கேபிள் போட்டுட்டேன். பெட்டி இன்வெர்ட்டர் லைன்ல இருந்துச்சு, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் இல்லை. மூணையும் ஒரே லைனுக்குக் கொண்டுவந்தாச்சு.

இன்னொரு தொல்லையும் இருந்துச்சு, அதையும் குறிச்சுக்கோ. கிச்சன் சென்சார் மட்டும் தனியா விட்டு விட்டுப் போகும். யூஎஸ்பி 3 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும்னு 2012-லயே இன்டெல் ஒரு வெள்ளையறிக்கை போட்டிருக்கு. ஜிக்பீ பேசுறதும் அதே அலைவரிசையிலதான். நம்ம பெட்டியில நீல போர்ட்டுல, அதுதான் யூஎஸ்பி 3, எஸ்எஸ்டி டிஸ்க், அதை ஒட்டியே ஜிக்பீ சிக்னலைப் பிடிக்கிற யூஎஸ்பி குச்சி. குச்சியைக் கறுப்பு போர்ட்டுக்கு, அதாவது யூஎஸ்பி 2-க்கு மாத்தி, ஒரு எக்ஸ்டென்ஷன் வயர்ல தள்ளி வச்சேன். வைஃபையை 1-வது சானல்ல நிறுத்தி ஜிக்பீயை 25-க்குக் கொண்டுபோனேன், ரெண்டும் உரசாது. சானல் மாத்தினா சில சென்சாரைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும், அதுக்கு நேரம் ஒதுக்கிக்கோ.

ஆனா மாப்ள, இதெல்லாம் உனக்கு யாராவது ஒரு பையன் செஞ்சு கொடுத்துருவான். நான் இவ்வளவு எழுதுறது வேற ஒண்ணுக்காக. ஆபத்துன்னா மட்டும் மெசேஜ் வரணும்னு வைக்காதே. நெட் போனாலும் மெசேஜ் வராது, கரண்ட் போனாலும் வராது, பெட்டி செத்தாலும் வராது. உனக்கு அது எல்லாமே அப்பா நல்லா இருக்கார்ங்கிற மாதிரிதான் தெரியும். அதை நான் திருப்பிப் போட்டுட்டேன். இப்போ அம்மா காலையில கிச்சனுக்குள்ள போனதும் எனக்கு ஒரு மெசேஜ் வரும், தினமும். ஏழரைக்குள்ள வரலைன்னா நான் போன் அடிப்பேன், அவ எடுக்கலைன்னா எதிர்வீட்டு அக்கா. அக்காகிட்ட ஒரு சாவி கொடுத்து வச்சிருக்கேன். பெட்டிக்கு என்ன ஆனாலும் ஒரு போன் கால் வீண், அவ்வளவுதானே. அது போகட்டும்டா.

அப்புறம், சுவத்துல இருக்கிற சுவிட்ச் எதையும் கழட்டிராதே. பெட்டி இல்லாட்டியும் அப்பா தட்டினா லைட் எரியணும். உங்க அப்பா குணம் தெரியும், ஒரு தரம் எரியலைன்னா மொத்தத்தையும் பிடுங்கித் திண்ணையில வச்சுருவார்.

கோவில்பட்டிக்கு எப்போ போறேன்னு தேதி சொல்லு. ஞாயிற்றுக்கிழமையா இருந்தா நான் பாளையங்கோட்டையிலேருந்து வந்துருவேன், ரெண்டு பேருமா மாட்டிருவோம். அதுக்கு முன்னாடி ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை அப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, பெரும்பாலும் அதுலதான் ரவுட்டருக்குள்ள போறதுக்குப் பாஸ்வேர்ட் இருக்கும். பக்கத்துல யாருகிட்ட சாவி கொடுக்கலாம்னும் இப்பவே யோசிச்சு வை. அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் என் அன்பைச் சொல்லு.

உன்,
மூணாம் நம்பர் ரூம்காரன்