பேர் சொல்லாமல் கொடுத்த மருந்து

லூயிவில், கென்டக்கி
22 நவம்பர் 2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. முழங்காலுக்கு ஊசி போட்ட பிறகு மொட்டைமாடி வரை ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. அதற்காக வற்றல் காயப்போடுகிறேன், துணி எடுக்கிறேன் என்று தினமும் நாலு தடவை ஏறாதே. அண்ணாச்சியைக் கேட்டதாகச் சொல். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நன்றி நாளுக்குப் பெரியவன் பிள்ளைகளோடு அடுத்த வாரம் வருகிறான். சொதி வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 43 நாள் அரசாங்கத்தையே பூட்டிப் போட்டார்களே, அப்படி என்ன சண்டை என்று கேட்டிருந்தாய். அதோடு இன்னொன்றும் எழுதியிருந்தாய்: "உங்கள் ஊர் ஏழைகள் தங்களுக்குக் காப்பீடு கொடுத்தவர்களை விட்டுவிட்டு, பிடுங்குகிறவர்களுக்கே ஓட்டுப் போடுகிறார்களாமே, தன் கூரைக்குத் தானே கொள்ளி வைப்பார்களா?" அந்த வரி இரண்டு நாளாக மனசில் கிடந்து அரிக்கிறது. கால் நூற்றாண்டாக இந்த ஊரில் மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறேன், செல்வி. இந்த ஜனங்கள் மடையர்கள் இல்லை. தவறு நடந்தது வேறு இடத்தில். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஃபிராங்க் லன்ட்ஸ் என்று ஒருவர். குடியரசுக் கட்சிக்கு வார்த்தை தேடிக் கொடுப்பது அவர் தொழில். அவர் வேலை செய்யும் விதத்தை டிவியிலேயே காட்டியிருக்கிறார்கள். இருபது முப்பது பேரை ஓர் அறையில் உட்கார வைப்பார். ஒவ்வொருவர் கையிலும் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு குமிழ். திரையில் ஒரு தலைவர் பேசப் பேச, பிடித்தால் நூறு பக்கம் திருக வேண்டும், பிடிக்காவிட்டால் சைபர் பக்கம். எல்லாரும் திருகுவது ஒன்றாகச் சேர்ந்து படத்துக்குக் கீழே கோடாக ஓடும். எந்தச் சொல்லில் கோடு ஏறுகிறது, எதில் விழுகிறது என்று உட்கார்ந்து பார்ப்பார்கள். ஏறுகிற சொல் அடுத்த வாரம் கட்சிக்காரர் எல்லார் வாயிலும் இருக்கும்.

இப்படிப் பரவிய ஒன்றுதான் 'சாவு வரி'. பெரும் பணக்காரர் இறந்தால் அவர் சொத்தின் மீது விழும் வரிக்குச் சட்டத்தில் பேர் எஸ்டேட் வரி. எஸ்டேட் என்றதும் பங்களாவும் வேலைக்காரர்களும் கண்ணுக்குத் தெரியும். சாமானியனுக்கு அதில் என்ன கவலை? சாவு அப்படியா? அது எல்லார் வீட்டுக்கும் வரும். 2001-ல் இறந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் சொத்துதான் அந்த வரிக்குள் வந்தது. ஆனால் 'என் பிள்ளைகள் தலையில் சாவு வரி விழுமே' என்று கவலைப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த ஆண்டே புஷ் அரசு வரியைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் போட்டது. 2010-ல் ஓராண்டு அது இல்லாமலே போயிற்று.

இனி மருத்துவக் காப்பீட்டின் கதை. ஒபாமா வந்ததும் எல்லாருக்கும் காப்பீடு என்று பேச்சு எழுந்தது. மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது 2009 ஜூலையில். லன்ட்ஸ் அதை எப்படி எதிர்க்க வேண்டும் என்று 28 பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தது அதற்கு முன்பே, வசந்த காலத்தில். 'வாஷிங்டன் உங்கள் மருத்துவத்தைக் கைப்பற்றப் பார்க்கிறது' என்று சொல்லுங்கள் என்பது அதன் சாரம். பிள்ளை பிறக்கும் முன்பே பட்டப்பெயர் தயார். ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் சாரா பேலின் தன் முகநூலில் 'சாவுக் குழு' என்று எழுதினார். வயதான நோயாளி கடைசிக் காலச் சிகிச்சை பற்றி விரும்பினால் டாக்டரிடம் பேசலாம், அதற்கான கட்டணத்தை முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தரும் என்று ஒரு பிரிவு இருந்தது. யார் பிழைக்கலாம், யார் சாகலாம் என்று அதிகாரிகள் உட்கார்ந்து தீர்மானிக்கும் குழு என்று அதைத் திரித்துவிட்டார்கள். கடைசியில் அந்தப் பிரிவையே எடுத்துவிட வேண்டியதாயிற்று.

சட்டத்தின் உண்மைப் பெயர் 'கட்டுப்படியாகும் மருத்துவச் சட்டம்'. எதிராளிகள் வைத்த பெயர் ஒபாமாகேர். நம்ம ஊரில் திட்டத்துக்குத் தலைவர் பேரை ஒட்டுவது பெருமைக்காக. இங்கே எதிர்க்கட்சி ஒட்டியது, வெறுப்பு முழுவதும் ஒரே மனிதர் மேல் வந்து விழட்டும் என்று. 2013 செப்டம்பரில் சிஎன்பிசி டிவி கருத்துக்கணிப்பு எடுத்தது. பாதிப் பேரிடம் ஒபாமாகேர் பற்றியும் மீதிப் பேரிடம் சட்டத்தின் உண்மைப் பெயரைச் சொல்லியும் கேட்டார்கள். ஒபாமாகேரை எதிர்த்தவர்கள் 46 சதவீதம், மற்றதை எதிர்த்தவர்கள் 37. இரண்டும் ஒன்றேதான், ஏட்டி!

இனி எங்கள் மாநிலம். அப்போது ஆளுநர் ஸ்டீவ் பெஷியர், ஜனநாயகக் கட்சிக்காரர். தென் மாநிலங்களில் பெரும்பாலானவை இந்தச் சட்டத்தைத் தொட மாட்டோம் என்று நின்றபோது, அவர் துணிந்து ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்கினார். அந்தச் சட்டப்படியே காப்பீடு வாங்க ஒரு சொந்த இணையச் சந்தையும் திறந்து, அதற்குக் 'கனெக்ட்' என்று பேர் வைத்தார். எழுதும்போது கென்டக்கியின் இரண்டெழுத்துச் சுருக்கத்தில் தொடங்கும். விளம்பரத்தில் எங்கேயும் ஒபாமா கிடையாது. 2013 ஆகஸ்டில் லூயிவில் பொருட்காட்சியில் கனெக்ட் மேசைக்கு வந்த ஒருவர் விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, இது ஒபாமாகேரை விட நல்லதாக இருக்கும் என்று நம்புகிறேன் என்றாராம். பத்திரிகைகளில் பெரிதாக வந்த செய்தி அது. படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதே பேச்சு என் கவுன்டரிலும் நடந்துகொண்டிருந்தது.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதைத் தொடும் வயசு. சர்க்கரை நோய், கணவர் பழைய சுரங்கத் தொழிலாளி. மாதம் பாதி இன்சுலினைத்தான் வாங்குவார், மீதியை நாள் தள்ளிப் போட்டுக்கொள்வார். 2014 தொடக்கத்தில் ஒருநாள் புது அட்டையை நீட்டினார். அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் பேர் மட்டும்தான். முழு இன்சுலினும் கையில் வந்ததும் டப்பாவை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கனெக்ட்காரங்க புண்ணியம். அந்த ஒபாமாகேர் கிட்ட மாட்டாம தப்பிச்சேன்" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சிரித்துத் தலையாட்டினேன். சொன்னால் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவாரோ என்று பயம். மருந்து உள்ளே போனால் போதும், பேர் எதற்கு என்று நினைத்தேன்.

ஆளுநரும் அப்படித்தான் நினைத்தார். மருத்துவமாகப் பார்த்தால் அவர் செய்தது சரி. முதல் சுற்றிலேயே 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காப்பீடு கிடைத்தது. அரசியலாகப் பார்த்தால்தான் அது பெரிய பிழை. 2014 மே மாதம் ஒரு கணிப்பில் கென்டக்கி வாக்காளர்களில் 57 சதவீதம் பேருக்கு ஒபாமாகேர் பிடிக்கவில்லை. கனெக்ட் பிடிக்காதவர்கள் 22 சதவீதம்தான். அந்த ஆண்டுதான் செனட் தேர்தல். எங்கள் மாநிலத்துக் குடியரசுக் கட்சி செனட்டர் மிட்ச் மெக்கானல், ஒபாமாகேரை வேரோடு பிடுங்குவேன், ஆனால் கனெக்ட் வெறும் இணையதளம்தானே, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அதைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டாமா? அலிசன் கிரைம்ஸ், தான் ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டேனா இல்லையா என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்றார். தன் கட்சி செய்த நல்லதைத் தானே சொல்ல வெட்கப்பட்டால் ஊரார் வந்து சொல்வார்களா? பெரிய வித்தியாசத்தில் தோற்றார். அடுத்த ஆண்டு குடியரசுக் கட்சியின் மேட் பெவின் ஆளுநர் ஆனார். அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 30 சதவீதம் அளவுதான். காப்பீடு கிடைத்தவர்களில் நிறையப் பேர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. பெவின் வந்ததும் கனெக்டை மூடினார். பிறகு 2019-ல் ஸ்டீவின் மகன் ஆண்டி, ஐயாயிரத்துச் சொச்ச ஓட்டில் பெவினைத் தோற்கடித்து அதைத் திரும்பத் திறந்தது தனிக் கதை.

2017-ல் டிரம்ப் வந்ததும் ஒபாமாகேரை ரத்து செய்யப்போகிறார்கள் என்று டிவியில் நாளெல்லாம் ஓடியது. அந்த அம்மா கடைக்கு வந்தார், சந்தோஷமாக. அன்றைக்கு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "அம்மா, உங்கள் அட்டை அந்தச் சட்டத்தில் வந்ததுதான்" என்றேன். அவர் பர்சிலிருந்து அட்டையை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்தார். அதில் எங்கேயும் அப்படி எழுதியிருக்கவில்லை. ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "மூணு வருஷமா இங்கதானே வர்றேன், ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை, செல்வி. இன்றைக்கும் இல்லை.

அந்த ஜூலை 28 விடியற்காலை குடியரசுக் கட்சிக்காரரான மெக்கெயினே செனட்டில் கட்டைவிரலைக் கீழே காட்டியதில் ரத்து முயற்சி 49-51 என்று தோற்றது. பறிபோகும் என்ற பயம் வந்த பிறகுதான் சட்டத்துக்கு ஆதரவு கூடியது. 2018 தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சட்டத்தின் பேரை விட்டுவிட்டு நோயைப் பேசினார்கள். 'உங்களுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதா, புற்றுநோய் வந்திருக்கிறதா, உங்களுக்குக் காப்பீடு தர மாட்டேன் என்று சொல்ல விட மாட்டோம்.' கீழ்ச்சபையில் 40 இடம் கூடுதலாக வந்தது. ஆனால் பாடம் நெஞ்சில் நிற்கவில்லை. 2022-ல் போட்ட சட்டத்தில் மெடிகேர் முதியவர்களுக்கு மாத இன்சுலின் 35 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தார்கள். எனக்குத் தெரிந்து கவுன்டரில் இதைவிடப் பெரிய நல்லது நடந்ததில்லை. அந்தச் சட்டத்துக்குப் பேர் என்ன தெரியுமா? 'பணவீக்கக் குறைப்புச் சட்டம்'. அதைக் கேட்டு எந்தப் பாட்டிக்கு இன்சுலின் ஞாபகம் வரும்? அந்தப் பேரை வைத்திருக்க வேண்டாம் என்று பைடனே மறு ஆண்டு வருந்தினார்.

குடியரசுக் கட்சியும் இப்போது அதே பள்ளத்தில் கால் வைத்திருக்கிறது. ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்டாரே, 'ஒரே பெரிய அழகான சட்டம்', அந்தப் பேர் மக்களுக்கு எதையும் புரிய வைக்கவில்லை என்று அவரே ஆகஸ்டில் சொன்னார். இப்போது 'உழைக்கும் குடும்பங்களின் வரிக்குறைப்பு' என்கிறார்கள். பேரை விட அதில் நாளை அமைத்த விதம்தான் என்னை உறுத்துகிறது. டிப்ஸுக்கு வரிச்சலுகை இந்த ஆண்டுக் கணக்கிலேயே உண்டு. விரிவாக்கத்தில் மெடிகெய்ட் பெறும் பெரியவர்களில் பலர் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்ததாகக் காட்ட வேண்டும் என்ற விதிக்குக் கெடு 2027 ஜனவரி 1. நடுவே 2026 நவம்பரில் தேர்தல். தித்திப்பு தேர்தலுக்கு முன்னால், கசப்பு பின்னால்.

நீ கேட்ட 43 நாள் சண்டையும் இதே காப்பீட்டுக்குத்தான். ஒபாமாகேர் காப்பீட்டுக்குக் கோவிட் காலத்தில் கூட்டிக் கொடுத்த பிரீமிய மானியம் 2025 டிசம்பரோடு முடிகிறது. அதை நீட்டினால்தான் அரசாங்கச் செலவு மசோதாவுக்கு ஓட்டு என்று ஜனநாயகக் கட்சியினர் நின்றார்கள். சட்டவிரோதமாக வந்தவர்களுக்கு இலவச மருத்துவம் கேட்கிறார்கள் என்று எதிர்ப்பக்கம் திருப்பியடித்தது. அவர்களுக்கு அந்த மானியம் சட்டப்படியே கிடையாது. கடைசியில் ஜனநாயகக் கட்சிப் பக்கத்தில் எட்டு செனட்டர்கள் இறங்கி வந்தார்கள், மானியம் நீளவில்லை. சராசரியாக ஆண்டுக்கு 888 டாலர் கட்டியவர்கள் இனி 1,904 கட்ட வேண்டி வரும் என்று கேஎஃப்எஃப் என்ற மருத்துவக் கொள்கை ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டிருக்கிறது. இந்த மாதம் வர்ஜீனியாவிலும் நியூ ஜெர்சியிலும் ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியினர் ஜெயித்தது கரன்ட் பில், வீட்டுச் செலவு என்று விலைவாசியைப் பேசித்தான். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது பட்டப்பெயர் அவ்வளவு சுலபமாக ஒட்டுவதில்லை என்று நினைக்கிறேன்.

நானும் இப்போது சும்மா இருப்பதில்லை. பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமைகளில் காப்பீட்டுப் பதிவுக்கு உதவி செய்ய உட்காருகிறேன். மேசை முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் தடித்த பேனாவால் 'கனெக்ட் என்பது ஒபாமாகேர்தான்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அது வேண்டாமே என்று கூட இருப்பவர்கள் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. போன வாரம் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் அதை நின்று படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வாசல் வரை போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உன் அன்பு,
பாக்கியம்