ஸ்கூப் கணக்கு போதும், கிராமில் சொல்லுங்கள்: சமையல் வீடியோ போடும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

புரோட்டீன் குக்கீ டோ, அதாவது புரோட்டீன் பவுடர் போட்டுப் பிசைந்து சுடாமலே சாப்பிடும் பிஸ்கட் மாவு, அந்த வீடியோக்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். "அடுப்பு வேண்டாம், மூன்றே பொருள், ஒரு கிண்ணத்தில் 30 கிராம் புரோட்டீன்" என்று வாரத்துக்கு நாலு வருகிறது. ஒரு ஸ்கூப் பவுடர், இரண்டு ஸ்பூன் பீநட் பட்டர், "தேவையான அளவு" பால். திரையில் மாவு அழகாகத் திரண்டு வருகிறது. கீழே ஒருவர், "பசை மாதிரி ஒட்டுது, கரண்டியை விட்டே வரலை" என்று எழுதுகிறார். அடுத்தவர், "மணல் மாதிரி உதிருது, உருட்டவே முடியலை" என்கிறார். இருவரும் ஒரே வீடியோவைப் பார்த்து, நீங்கள் சொன்ன அதே அளவில் செய்தவர்கள். இருவருக்கும் உங்களிடமிருந்து ஒரு இதயக் குறி மட்டும் போயிருக்கிறது. என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

தப்பு அவர்கள் கையில் இல்லை, அளவில் இருக்கிறது. அதனால் எங்கள் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறோம்: அளவை கிராமில் சொல்லுங்கள். எந்த வகைப் புரோட்டீன் பவுடர் என்பதையும் சொல்லுங்கள்.

ஸ்கூப் என்பது அளவே அல்ல. அது டப்பாவுக்குள் கம்பெனி போட்டுக் கொடுக்கும் ஒரு பிளாஸ்டிக் கரண்டி. ஒரு கம்பெனியின் ஸ்கூப் 30 கிராம் பிடிக்கும், இன்னொன்று 35 கிராமுக்கு மேல் பிடிக்கும். ஒரே ஸ்கூப்பில் தலைதட்டி எடுத்தால் ஒரு எடை, அமுக்கி எடுத்தால் இன்னொரு எடை. இந்த மாவில் 5 கிராம் பவுடர் கூடினாலும் குறைந்தாலும் பதம் தவறிவிடும். மொத்த மாவே 150 கிராம்தானே!

பவுடரின் வகை அதைவிட முக்கியம். வே புரோட்டீன் (பால் திரிந்ததும் பிரியும் நீரிலிருந்து எடுப்பது; அதையே இன்னும் சுத்தப்படுத்தியது வே ஐசோலேட்) தண்ணீரை அதிகம் இழுக்காது. 30 கிராமுக்கு 15 முதல் 20 மில்லி பால் போதும், இன்னும் 10 மில்லி போனால் கோந்துதான். பாலின் இன்னொரு புரதமான கேசீன் அப்படியல்ல. அதே 30 கிராம் 40 மில்லிக்கு மேல் குடித்துவிட்டு இன்னும் கேட்கும், நிற்க நிற்க இறுகும். பட்டாணிப் புரோட்டீனும் ஏறக்குறைய அப்படியே, கூடவே மாவு வாசனையும் வரும். நீங்கள் வே போட்டுச் செய்ததைப் பட்டாணிப் பவுடரில் செய்தவருக்கு மணல் கிடைத்தது. நீங்கள் கேசீனில் செய்ததை வேயில் செய்தவருக்குப் பசை கிடைத்தது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய டப்பா அது. மாதச் சம்பளத்தில் கணக்குப் பார்த்து வாங்கியவர்கள் அந்த மாவைக் குப்பையில் கொட்டுகிறார்கள். "வே ஐசோலேட், 30 கிராம்" என்ற மூன்று சொல் இருந்திருந்தால் அந்தக் கிண்ணம் வீணாகியிருக்காது.

"பாட்டி அளந்தா செய்தாள்? கைப்பதம் போதும்" என்று உங்களில் சிலர் பதில் சொல்வதையும் பார்க்கிறோம். மாலாடு பிடிக்கும் பாட்டிக்குப் பதம் கையில் இருந்தது உண்மை. ஆனால் அவள் கையில் இருந்தது வருஷம் முழுக்க அதே பொட்டுக்கடலை மாவு, அதே நெய். சூடான நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிடித்துப் பார்த்து, நிறுத்துவாள். புரோட்டீன் பவுடர் டப்பாவுக்கு டப்பா குணம் மாறும் சரக்கு. அதில் கைப்பதம் வருவதற்குள் அரை டப்பா போய்விடும்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. இருவருக்கான அளவு இதோ: பாதாம் மாவு 40 கிராம், வே ஐசோலேட் 30 கிராம், சர்க்கரை சேர்க்காத பீநட் பட்டர் 30 கிராம், பொடித்த எரித்ரிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு) 15 கிராம், 85 சதவீத டார்க் சாக்லேட் பொடியாக நறுக்கியது 15 கிராம், வெனிலா எசன்ஸ் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, குளிர்ந்த பால் 15 முதல் 20 மில்லி. உப்பை விட்டுவிடாதீர்கள். குக்கீ ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது.

முதலில் மாவையும் பவுடரையும் எரித்ரிட்டாலையும் உப்பையும் சேர்த்துச் சலித்துக்கொள்ள வேண்டும். சலிக்காவிட்டால் வே கட்டிகட்டியாக நிற்கும், பிறகு எவ்வளவு மசித்தாலும் கரையாது. பீநட் பட்டரைச் சேர்த்து, முள்கரண்டியால் அழுத்தி, புட்டு மாவு மாதிரி ஆகும் வரை பிசிற வேண்டும். அதன்பிறகுதான் பால், அதுவும் ஒவ்வொரு டீஸ்பூனாக. மூன்றாவது டீஸ்பூனில் மாவு இன்னும் உதிரியாகத்தான் தெரியும். அங்கேதான் எல்லோரும் பாலைச் சாய்த்துவிடுகிறார்கள். நிறுத்தி, மூடி, ஐந்து நிமிடம் விட வேண்டும். பவுடர் ஈரத்தை இழுத்து, அழுத்தினால் சேரும் பதத்துக்குத் தானே வரும். வீடியோவில் நீங்கள் வெட்டி எறிவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். பிடித்துப் பார்த்தால் விரல் தடம் பதிய வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. சாக்லேட் கடைசியில். சித்திரை வெயிலில் செய்தால் சாக்லேட்டைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போடுங்கள். 34 டிகிரிக்கே அது உருகத் தொடங்கி மாவு முழுக்கக் கறையாகிவிடும்.

பீநட் பட்டர் கெட்டியாக இருக்கிறதென்று மைக்ரோவேவில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி ஊற்றச் சொல்கிறீர்கள் சிலர். வே அந்தச் சூட்டில் திரிந்துவிடும். வெதுவெதுப்புக்கு மேல் போகக்கூடாது.

இந்த அளவில் மொத்தம் 43 கிராம் போலப் புரோட்டீன், நார்ச்சத்தும் எரித்ரிட்டாலும் போக 12 கிராம் போல மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) வரும். இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 21 கிராமும் 6 கிராமும். கலோரி ஆளுக்கு 300-க்குச் சற்று மேலேயே இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதாமும் கடலையும் கொழுப்புதானே. "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று தலைப்பு வைப்பது நியாயமில்லை. ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். ஆனால் வே போட்ட மாவு நாள் போகப் போக இறுகும், அன்றன்றைக்குச் செய்வதே நல்லது.

பாதாம் மாவை வீட்டில் அரைக்கச் சொன்னால் இதையும் சொல்லுங்கள்: கொதிக்கும் நீரில் போட்டுத் தோலுரித்த பாதாமை நன்றாக உலர்த்தி, மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும்.

இனிப்பின் பெயரையும் சொல்லுங்கள். "சுகர் ஃப்ரீ பவுடர் இரண்டு ஸ்பூன்" என்றால் எது? எரித்ரிட்டாலுக்குச் சர்க்கரையில் 70 சதவீதம் போலத்தான் இனிப்பு. ஸ்டீவியாச் சாறு சர்க்கரையைவிட நூறு மடங்குக்கு மேல் இனிக்கும், இரண்டு ஸ்பூன் போட்டால் கசப்பில் வாய் வைக்க முடியாது. எரித்ரிட்டாலைப் பொடிக்காமல் போட்டால் பல்லில் நறநறக்கும். மால்டிடால் சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், அதிகம் போனால் வயிற்றுப்போக்கும் வரும். சைலிட்டால் என்றால் நாய் வளர்க்கும் வீட்டில் கீழே சிந்திய உருண்டையே அதன் உயிரை எடுக்கலாம்.

மைதாவைப் பச்சையாகப் போடும் வீடியோக்கள் தமிழிலும் வந்துவிட்டன. மைதா சமைத்த பொருள் அல்ல, வயலிலிருந்து வந்த தானியத்தின் பச்சை மாவு. அமெரிக்காவில் 2009-ல் கடையில் வாங்கிய குக்கீ மாவைச் சுடாமல் தின்று 70-க்கும் மேற்பட்டோர் ஈ.கோலை கிருமியால் நோயுற்றார்கள். 2016-ல் வெறும் கோதுமை மாவாலேயே மறுபடி 60-க்கும் மேற்பட்டோர். "வாணலியில் இரண்டு நிமிடம் வறுத்தால் போதும்" என்கிறீர்கள். வீட்டில் இப்படிச் சூடாக்குவதை நம்ப வேண்டாம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமே சொல்லியிருக்கிறது. குழந்தைகள் விரலால் வழித்துத் தின்னும் பண்டம் இது. தயவுசெய்து அந்த வீடியோக்களை எடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு மனம் பொறுக்காத இன்னொன்று, "சர்க்கரையே இல்லை, சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்" என்ற தலைப்பு. உள்ளே பார்த்தால் பேரீச்சம்பழம் பத்து, நாட்டுச் சர்க்கரை ஒரு கைப்பிடி, ஓட்ஸ் ஒரு கப். காய்ந்த பேரீச்சையில் 100 கிராமுக்கு 75 கிராம் போல மாவுச்சத்து, பெரும்பகுதி சர்க்கரைதான். ஓட்ஸில் 65-ஐத் தாண்டும். பொட்டுக்கடலை மாவிலும் பாதிக்கு மேல் அதுவே. கருப்பட்டியும் தேனும் எங்கிருந்து வந்தாலும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் மாத்திரை போடுகிறார். அவர் உங்களை நம்பி மூன்று உருண்டை சாப்பிடுகிறார். கடையில் விற்கும் பொட்டலத்தில் "சர்க்கரை இல்லாதது" என்று அச்சிட வேண்டுமானால் 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது என்று 2018-ன் இந்திய உணவு விதி இருக்கிறது. வீடியோத் தலைப்புக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை என்பதாலேயே எதையும் எழுதிவிடலாமா? கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

ஆனாலும் கேட்க வந்தது சண்டைக்கு அல்ல. உங்களால்தான் பலர் சமையலறைக்குள்ளேயே நுழைந்தார்கள், அந்த நன்றி எங்களுக்கு உண்டு. சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு கிடைக்கிறது. கிண்ணத்தை அதன்மேல் வைத்து, ஒவ்வொரு பொருளைக் கொட்டும்போதும் எண்ணைக் கேமராவுக்குக் காட்டுங்கள். பழைய வீடியோக்களை மறுபடி எடுக்க வேண்டாம், விளக்கப் பகுதியில் நாலு வரி சேர்த்தால் போதும்: எந்தப் பவுடர், எத்தனை கிராம், எந்த இனிப்பு, எத்தனை கிராம், பால் எத்தனை மில்லி, ஒரு ஆளுக்கு மாவுச்சத்து எவ்வளவு. "பசை மாதிரி ஒட்டுது" என்று கேட்டவரும் "மணல் மாதிரி உதிருது" என்று கேட்டவரும் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். முதலில் அவர்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீடியோக்களைத் தவறாமல் பார்ப்பவர்கள்