24 மணி நேரப் பந்தயத்தில் கடைசி மூன்று மணி நேரம் எங்கே?

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 2024 லெ மான் (பிரான்சில் நடக்கும் 24 மணி நேரக் கார் பந்தயம்) பயணத் தொகுப்பில் ஏற்பட்ட குறைபாடும் பணம் திரும்பக் கோரலும்

ஐயா,

சின்ன வயதில் அப்பாவுடன் சோழவரத்தில் ரேஸ் பார்த்து வளர்ந்தவன் நான். 2012-ல் நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக் லெ மானில் ஓட்டி ஆறாவதாக வந்தபோதே, ஒரு தடவையாவது அங்கே போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஜூன் மாதம்தான் அது நடந்தது. உங்கள் நிறுவனத்துக்கு ரூ. 2,85,000 கட்டினேன். ‘தொடக்கம் முதல் கடைசிக் கொடி வரை’ என்று உங்கள் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தத் தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.

தொடக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். 15-ஆம் தேதி சனிக்கிழமை மாலை 4 மணிக்கு கால்பந்து வீரர் ஜிடான் கொடியசைத்ததைப் பார்த்தேன். நீங்கள் கொடுத்த கூடாரம் ஒழுகியது. சரி, மழை யார் கையிலும் இல்லை. விடியற்காலையில் கொட்டிய மழையில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் எல்லாக் கார்களும், ஆபத்து நேரத்தில் வேகத்தைக் குறைக்க முன்னே விடும் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. அதையும் ரெயின்கோட்டுக்குள் முடங்கியபடி உட்கார்ந்து பார்த்தேன். தூக்கம் கெட்டதற்காக இந்தக் கடிதம் இல்லை.

ஞாயிறு பகல் 1 மணிக்கு உங்கள் வழிகாட்டி வந்து எங்கள் குழுவை பஸ் ஏறச் சொன்னார். பந்தயம் முடிவதோ மாலை 4 மணிக்கு. கேட்டதற்கு, “முடிஞ்சப்புறம் கிளம்பினா டிராஃபிக்ல மாட்டிக்குவோம் சார், பாரிஸ் 200 கிலோமீட்டர்” என்றார். தேர் நிலைக்கு வருவதற்குள் கூட்டத்தைக் கிளப்பிவிடுவார்களா? நான் வர மறுத்தேன். அப்படியானால் பாரிஸுக்கு என் சொந்தச் செலவில்தான் வர வேண்டும் என்றார். அன்றிரவு விமானத்தை எனக்கு பதிவு செய்ததும் உங்கள் நிறுவனமே. வேறு வழியில்லாமல் ஏறினேன்.

அப்புறம் நடந்ததையெல்லாம் நெடுஞ்சாலையில் போன் திரையில்தான் பார்த்தேன், சிக்னல் கிடைத்தபோது மட்டும். முன்னணியில் இருந்த 50-ஆம் எண் ஃபெராரியின் கதவு சரியாக மூடாமல் ஆட, அதைச் சரிசெய்ய பிட்டுக்குள் (கார்களுக்குப் பழுது பார்க்கும், எரிபொருள் நிரப்பும் இடம்) கூப்பிட்டார்கள். மறுபடி மழை. கடைசிச் சுற்றுகளில் எரிபொருள் போதுமா என்ற பதற்றம் வேறு. 24 மணி நேரம் ஓடிய பிறகும் அந்த ஃபெராரிக்கும் இரண்டாவதாக வந்த டொயோட்டாவுக்கும் இடையே வெறும் 14 விநாடிகள்தான். என் எதிரே நடக்க வேண்டிய முடிவு அது. நீங்கள் விற்ற இருக்கை பிட்டுக்கு நேர் எதிரில் இருந்தது. பந்தயம் முடிந்ததும் ரசிகர்களை ஓடுபாதைக்குள்ளேயே விடுவார்கள். பரிசு மேடைக்குக் கீழே போய் நிற்கலாம். அதற்காகவே ஒரு வெள்ளைச் சட்டையைப் பெட்டியில் தனியாக எடுத்து வைத்திருந்தேன். மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

ஊர் திரும்பியதும் தொலைபேசியில் கேட்டேன். “பெரும்பகுதி பார்த்துட்டீங்களே சார்” என்றார் உங்கள் ஊழியர்.

முழுத் தொகையையும் நான் கேட்கவில்லை. விமானம், விசா செலவுகளைக் கழித்துவிட்டு, பந்தய நுழைவுச்சீட்டுக்கும் பஸ்ஸுக்கும் வாங்கிய பணத்தை 30 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். புறப்படும் நேரத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்காதது ஏன் என்பதற்கும் பதில் வேண்டும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீதும் பஸ் நேரம் குறித்த வாட்ஸ்அப் செய்தியும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
சென்னை, 24.06.2024