மீட்டர் கெடவில்லை, எண்ணிக்கை தீர்ந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்கோ, நம் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் பின்கட்டு அறைக்கோ குடிபோகிறவர் கடையில் முன்பணம் கட்டி மின்சார டோக்கன், அதாவது 20 இலக்க எண், வாங்கி மீட்டரில் அடிக்கிறார். மீட்டர் மறுக்கிறது. மீட்டர் போச்சு என்று ஆளைக் கூப்பிட்டு முத்திரையை உடைக்குமுன் ஒரு விஷயம் பார்க்க வேண்டும்: அதற்கு 2024 நவம்பர் 24-க்கு முன், மீட்டரின் கணக்கைப் புதுப்பிக்கும் மாற்று எண்கள் அடித்தார்களா?

முன்பண மீட்டர் பெட்டிக்குள் ஒரு சிறு நிரல் ஓடுகிறது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து பல நாடுகளுக்குப் போன எஸ்.டி.எஸ். என்ற முன்பண டோக்கன் முறை அது. ஒவ்வொரு டோக்கனிலும் அது விற்கப்பட்ட நேரம், 1993 ஜனவரி 1 முதல் எத்தனையாவது நிமிடம் என்று மறைவாகப் பதிந்திருக்கும். ஒரே டோக்கனை இரண்டு முறை அடித்து ஏமாற்றாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த எண்ணுக்கு ஒதுக்கியது 24 பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 24 இடங்கள். அதில் 1,67,77,216 நிமிடத்துக்குத்தான் இடம். கணக்குப் போட்டால் 2024 நவம்பர் 24 இரவு எட்டே கால் மணியோடு தீர்ந்துவிடும். அதன்பின் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும். மாற்றாத மீட்டருக்கு, இன்று வாங்கிய டோக்கன் என்றோ காலாவதியானதாகத் தெரியும். அன்றிரவே விளக்கு அணைந்துவிடவில்லை. உள்ளே இருந்த யூனிட் தீரும்வரை எரிந்தது. அதனால்தான் பலர் கவனிக்கவில்லை.

எண்ணிக்கையை மட்டும் திருப்பி வைத்தால் பழைய டோக்கன்கள் மறுபடி செல்லுபடியாகிவிடும். எனவே மீட்டரின் ரகசியச் சாவியையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். பெரும்பாலான மீட்டர்களுக்கு இரண்டு மாற்று எண்கள், ஒவ்வொன்றும் 20 இலக்கம், ஒவ்வொன்றிலும் சாவியின் ஒரு பாதி. ஒன்றை அடித்துவிட்டு மற்றதை விட்டால் வேலை ஆகாது.

அடிக்கிற முறை இதுதான். வாங்கி வைத்து இன்னும் அடிக்காத பழைய டோக்கன் இருந்தால் அதை முதலில் அடித்துப் பாருங்கள்; சாவி மாறியபின் மீட்டரால் அதைப் படிக்கவே முடியாது, பணம் போனது போனதுதான். பிறகு முதல் மாற்று எண், மீட்டர் ஏற்றதும் இரண்டாவது, கடைசியில் புதிதாக வாங்கிய டோக்கன். சீட்டில் உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். மீட்டரில் ஏற்கெனவே இருக்கும் யூனிட் குறையாது. தப்பாக அடித்துக்கொண்டே போனால் சில மீட்டர்கள் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். அவசரப்படாமல் நாலு நாலு இலக்கமாக ஒருவர் வாசிக்க மற்றவர் அடிப்பது நல்லது. மாற்று எண்களில் நிமிடக் கணக்கு கிடையாது. அதனால் தேதி தாண்டிய மீட்டரும் அவற்றை ஏற்க வாய்ப்புண்டு. பெட்டியை மாற்றுவதெல்லாம் அதற்கப்புறம் யோசிக்க வேண்டியது. மாற்றியாயிற்றா என்று பார்க்கத் தனிச் சோதனை எண் ஒன்று உண்டு. மின்சாரம் விற்பவரிடம் கேட்டு அடித்தால் திரையில் 1 வரும் அல்லது 2 வரும். 2 என்றால் முடிந்தது. பின்கட்டு அறையில் வீட்டுக்காரர் வைத்த துணைமீட்டர் என்றால், எண்களைத் தரவேண்டியது நகராட்சி அல்ல, அந்தத் துணைமீட்டருக்கு டோக்கன் விற்கும் நிறுவனம்.

இதில் எந்த நிரலும் பழுதாகவில்லை. எழுதியவர்கள் எழுதியபடியே ஏறத்தாழ 32 ஆண்டு ஓடி, எழுதியபடியே நின்றது. முதல் நாளே தெரிந்த தேதி! அதைப் பெட்டியின் முகத்தில் பொறித்திருக்கலாம். பால் பாக்கெட்டில்கூடத் தேதி போடுகிறோம். கடைச் சீட்டில் மூன்று எண்களையும் ஒரே அளவில் ஒட்டி அச்சடித்து, எது முதலில் என்று பாட்டிமார் கண்ணுக்குத் தெரியாதபடி கொடுப்பதும் நிரலின் குறைதான் என்பேன். திரைக்குப் பின்னால் சரியாக ஓடினால் மட்டும் போதுமா?

சாவி மாறிய மீட்டருக்கான புதிய கணக்கில் நிமிடங்கள் 2014 ஜனவரி 1 முதல் எண்ணப்படுகின்றன. அதுவும் 24 பிட்டுதான். 2045 நவம்பர் 24 அன்று தீரும். அதற்குமுன் 2038 ஜனவரி 19 விடிகாலை, நம் நேரம் 5 மணி 14 நிமிடத்தில், 32 பிட்டில் விநாடி எண்ணும் பழைய கருவிகளின் கடிகாரம் நிரம்பும். வாசல் கேமரா, அலாரம் பெட்டி இப்போது வாங்குகிறவர்கள் 2038-ஐத் தாண்டுமா என்று கடையில் கேளுங்கள். நகராட்சிகள் இனிப் பொருத்தும் ஒவ்வொரு மீட்டரிலும் அதன் கடைசித் தேதியை எழுதி ஒட்ட வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்பணியாளர் ஒருவர்,
டர்பன்.