தேதியை ஆற்றிடம் கேளுங்கள்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பென்டன்வில் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டும் பஃபலோ ஆற்றில் படகு விடப் போகிறோமாம். மகிழ்ச்சி. மே மாதக் கடைசிச் சனிக்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது, குழுவுக்கான சட்டைக்கு அளவும் கேட்கிறீர்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

போன முறை நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு மாதம் முன்பே நாள் குறித்து, பதினான்கு கார்களில் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள போன்கா படகுத்துறையில் போய் இறங்கினோம். முந்தின இரவு மலையில் கொட்டித் தீர்த்திருந்தது. தாழ்ந்த பாலத்துக்கு மேலேயே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஓரமாகவே போய்வரலாமே" என்று ஒருவர் கேட்டார். ஒருவர் என்ன, நான்தான் கேட்டேன். படகு வாடகைக்காரர் பதிலே சொல்லவில்லை. பாலத்தைக் கையால் காட்டிவிட்டு, ஒரு படகைக்கூட இறக்காமல் வண்டியைத் திருப்பினார்.

அந்தப் பாலம்தான் அங்கே அளவுகோல். அதன் அடிப்பக்கத்துக்கும் நீருக்கும் நடுவே எத்தனை இடைவெளி என்று பார்த்துத்தான் பழக்கப்பட்டவர்கள் துடுப்பை எடுக்கிறார்கள். இடைவெளி கூடிவிட்டால் கூழாங்கல்லில் படகை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பாலம் மூழ்கினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஜூன் 12 என்றால் மேட்டூர் திறக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆறு என்றால் அதைத் திறந்துவிட யாரோ ஒரு பொறியாளர் இருப்பார் என்ற நினைப்பு ஊறிவிட்டது. பஃபலோவுக்கு ஷட்டர் கிடையாது. தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் 135 மைல், ஓர் அணைகூட இல்லாமல் ஓடுகிறது. ராணுவப் பொறியாளர் பிரிவு அதில் அணை கட்டத் திட்டமிட்டது. தடுக்க வேண்டும் என்று 1962-இல் ஓசார்க் சங்கத்தைத் தொடங்கி முன்னால் நின்றவர் நீல் காம்ப்டன், நம் பென்டன்வில்லிலேயே மருத்துவம் பார்த்தவர். பத்தாண்டு இழுபறிக்குப் பின், 1972 மார்ச் 1 அன்று அது நாட்டின் முதல் 'தேசிய ஆறு' ஆனது. அணை வந்திருந்தால் நம் சனிக்கிழமைக்கு நிச்சயமாகத் தண்ணீர் நின்றிருக்கும். ஆறுதான் இருந்திருக்காது.

ஆகவே என் கோரிக்கை சின்னது. ஏப்ரல், மே மாதங்களில் மூன்று சனிக்கிழமைகளைக் காலியாக வைத்திருங்கள். பூங்காத் துறை வெளியிடும் நீர்மட்டத்தைப் பார்த்து, வெள்ளிக்கிழமை மாலை முடிவெடுப்போம். கோடையில் மேல்பகுதி வற்றிவிடும். அப்போதும் போக ஆசையென்றால் கீழே டைலர் பெண்ட் துறையிலிருந்து கில்பர்ட் வரை போகலாம். அங்கே பெரும்பாலும் நீர் இருக்கும், குழந்தைகளுக்கும் அது ஏற்ற இடம். உயிர்காப்பு அங்கியைப் பன்னிரண்டு வயதுவரை கழற்றவே கூடாது என்பது மாநிலச் சட்டம்.

இன்னொன்று, துறையில் பாய் விரிக்காதீர்கள். பின்னால் படகோடு வருகிறவர்கள் காத்து நிற்கிறார்கள். ஆற்றில் கண்ணாடிப் பொருளுக்குத் தடை என்பதால் மாவடுவை பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். போன முறை அந்த பாட்டிலைக் கொண்டுவந்ததும் எங்கள் வீடுதான்.

சட்டை தாராளமாக அடியுங்கள். தேதி மட்டும் அதில் வேண்டாம்.

இப்படிக்கு,
பதினான்கு கார்களில் கடைசிக் காரில் வந்தவன்