வாசகசாலைச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

சபையோருக்கு வணக்கம். போன வருடம் அறிக்கை நீண்டுபோனது என்று முறைப்பாடு வந்ததால் வழமையானவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: நிர்வாக சபை 11 தடவை கூடியது, கிணற்றடித் தொட்டி திருத்தியாயிற்று, பத்திரிகைகள் ஒழுங்காக வருகின்றன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச நேரம் சிவப்புச் சிலுவைக்கு.

போரில் காயப்பட்டவர்களையும் கைதிகளையும் பொதுமக்களையும் காப்பதற்காக 1949இல் வந்த நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் ஆகஸ்ட் 12ஆம் திகதி 75 வயதானது. வழக்கம்போல ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டு மாலை போட்டு அனுப்பாமல் கையால் ஏதாவது செய்வோம் என்றார்கள் இளையவர்கள். முதலாம் உடன்படிக்கையின் 53ஆம் உறுப்புரையை எடுத்து வாசித்தால், வெள்ளையில் சிவப்புச் சிலுவையைத் தனியாரும் கடைகளும் எக்காலத்திலும், அதாவது சமாதான காலத்திலும்கூட, பாவிக்கக் கூடாது என்று இருக்கிறது. அது படைகளின் மருத்துவப் பிரிவுக்கும், செஞ்சிலுவை அமைப்புகளுக்கும், போர்க்காலத்தில் அனுமதி பெற்ற வைத்தியசாலைகளுக்கும் உரிய அடையாளம். இங்கே சுடாதே என்பதற்கான குறி. அதையே இருமல் மருந்து விற்கிறவரும் மாட்டிவைத்தால் பிறகு யார் மதிப்பார்கள்?

சரி, ஊரில் எத்தனை இருக்கிறது என்று பார்ப்போமே என ஒரு ஞாயிறு காலை சைக்கிளில் கிளம்பினோம். பாமசிகள், தனியார் அம்புலன்ஸ், ஒரு கண்ணாடிக் கடை என்று மொத்தம் 9. திரும்பி வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் ஒரு பிள்ளை சுவரைக் காட்டினாள், நமது முதலுதவிப் பெட்டியிலும் அதே சிலுவை. அப்போ 10. வெட்கத்தோடு முதலில் அதைத்தான் பச்சையாக்கி, நடுவில் வெள்ளைச் சிலுவை கீறினோம். கடைக்காரர்களில் 6 பேர் மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள், ஒருவர் மட்டும் "உங்களுக்கு வேற வேலை இல்லையோ" என்று கேட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

இதைப் பற்றிப் பேச வைத்த கூட்டத்தில் நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். வன்னியிலிருந்து வந்து இங்கே இருக்கிற ஓர் அக்கா எழும்பி, "ஆஸ்பத்திரி எண்டு தெரிஞ்சும் ஷெல் விழுந்தது, நீங்கள் பாமசி போட்டை மாத்தி என்னத்தைக் காணப்போறியள்?" என்று கேட்டார். இறுதிப் போரில், வன்னியிலுள்ள புதுக்குடியிருப்பு வைத்தியசாலை 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டு, நோயாளர்களைப் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோனது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொஞ்ச நேரம் கழித்து, அதே கரையோரத்திலிருந்து மே 9 வரை ஐ.சி.ஆர்.சி. என்ற சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் 13,000க்கு மேற்பட்ட காயக்காரரும் நோயாளரும் உடன்போனவர்களும் வெளியே வந்ததை நினைவுபடுத்தினார், இரண்டு தரப்பும் சம்மதிக்காமல் அந்தக் கப்பல் கரைக்கு வந்திருக்காது என்றார். அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. அது அவருக்குப் போதுமான பதில் என்று நானும் நினைக்கவில்லை.

பிறகுதான் சூடு பிடித்தது. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, பாதுகாப்பு வலயங்கள் மீதும் வைத்தியசாலைகள் மீதும் அரச படைகள் ஷெல் அடித்ததாகவும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் மறித்துத் தப்பியோடியவர்களைச் சுட்டதாகவும் வந்த குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவை என்று சொன்னதை ஒரு மாணவன் வாசித்தான். இரண்டாவது பகுதி வந்ததும் இரண்டு கதிரைகள் பின்னுக்கு இழுபட்டன. சண்டையில் இல்லாதவர்களை மனிதாபிமானத்தோடு நடத்தச் சொல்கிற, நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை உள்நாட்டுப் போரில் ஈடுபடும் ஒவ்வொரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது, அரசை மட்டுமல்ல. மற்றவன் செய்தால் குற்றம், நம்மவர் செய்தால் நிலைமை அப்படி என்று சொல்வதாக இருந்தால் அந்த உடன்படிக்கைப் புத்தகத்தை அலுமாரியில் வைக்கவே தேவையில்லை. இது என் கருத்து, சபை வேறு விதமாக நினைத்தால் குறிப்பில் சேர்க்கலாம். எழும்பிப் போன இருவரில் ஒருவர் அடுத்த கிழமை பேப்பர் வாசிக்க வந்தார், என்னோடு கதைக்கவில்லை.

அக்கா அந்த 3ஆம் உறுப்புரையைத் தமிழில் ஒரு பிரதி கேட்டிருக்கிறார், பெரிய எழுத்தில். இன்னும் கொடுக்கவில்லை, தவறு என்னுடையது. அம்புலன்ஸ்காரர் தைப்பொங்கலுக்குப் பிறகு மாற்றுவதாகச் சொன்னார். பச்சைப் பெயின்ற் கால் தகரம் மிச்சம் இருக்கிறது, அலுமாரிக்குக் கீழே.