மறைந்து நிற்கும் எழுவாய்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ‘டோன்ட் கால்’ என்ற இரண்டு சொற்களை, இலக்கணம் கற்பித்த பழக்கத்தால், இந்தப் பத்து நாள்களில் பலமுறை பகுத்துப் பார்த்துவிட்டேன். பிழை ஏதுமில்லை. ஆங்கில ஏவல் வாக்கியத்தில் ‘யூ’ என்னும் எழுவாய் மறைந்து நிற்கும். வினை காலம் காட்டாமல் அடிச்சொல்லாகவே வரும். எதிர்மறையானால் முன்னால் ‘டோன்ட்’ சேரும். மற்ற இடங்களில் ‘நாட்’ மட்டுமே போதும் என்றிருக்கும் ‘பி’ என்ற வினைகூட, ஏவலில் மட்டும் ‘டோன்ட் பி லேட்’ என்று ‘டூ’வைத் துணைக்கு அழைப்பதைப் பத்து வயதில் நீயாகவே கண்டு சொன்னாய். மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு ‘ப்ளீஸ்’ சேர்க்கத் தோன்றவில்லை. சேர்த்திருந்தாலும் அது ஏவல்தான் என்பது வேறு விஷயம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தமிழிலும் வினைப்பகுதியே ஏவலாக நிற்கும். நட, வா, மடி என்று தொடங்கி 23 ஈறுகளுக்கு, அதாவது சொல்லின் இறுதி எழுத்துகளுக்கு, நன்னூல் காட்டும் சொற்கள் அத்தகையவையே. ஆனால் நாம் ‘வா’ என்பதையும் ‘வாருங்கள்’ என்பதையும் பிரித்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் குழந்தைக்கும் ‘கம்’, பெரியவருக்கும் ‘கம்’. ஆகவே நீ எழுதியது ‘கூப்பிடாதே’ என்பதா, ‘கூப்பிடாதீர்கள்’ என்பதா, ‘இப்போது கூப்பிட வேண்டாம் அப்பா’ என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. தமிழில் எழுதியிருந்தால் ஈறே காட்டிக்கொடுத்திருக்கும். அதற்காகத்தான் ஆங்கிலத்தில் எழுதினாயோ என்னவோ.

‘கெட் வெல் சூன்’ என்பதும் ஏவல் வடிவம்தான். ஆனால் கட்டளையிட்டால் நோய் குணமாகுமா? அது வாழ்த்து, ‘வாழ்க’ என்னும் நம் வியங்கோளைப் போல. உன் வாக்கியத்தையும் அப்படி ஒரு வேண்டுதலாக எடுத்துக்கொள்ள முயன்றேன், இயலவில்லை.

மாடி அறையில் நீ கதவைச் சாத்திக்கொண்டிருந்த அந்த வாரத்தில், வெளியே நின்று நான் சொன்னவை ‘ஓபன் த டோர்’, ‘டோன்ட் க்ரை’ என்ற இரண்டே வாக்கியங்கள். வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்ற என் விதியை அன்றும் நான் விடவில்லை. ஏன் அழுகிறாய் என்று எந்த மொழியிலும் கேட்கவில்லை. அதற்கு முன்பும் சிட், ரீட், ஸ்லீப் என்றுதான் உன்னை வளர்த்திருக்கிறேன். சொன்னதை நீ செய்ததால், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு என்று எழுதத்தான் இப்போதும் கை போகிறது. தூக்கம் வருகிறதா, அம்மா?

அன்புடன்,
அப்பா